உட்காரும், ஆனால் ஓடாது

2012இல் மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் தன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பென்டியம் 4 ப்ராசஸர், 945 சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) உள்ள மதர்போர்டு. மனு அடிக்க ஆள் வந்து நிற்கும்போது மிஷின் இழுக்கிறது என்றார். “போர்ட மாத்த கையில காசு இல்ல தம்பி. ப்ராசஸர் மட்டும் மாத்துனா போதுமா?”

“போதும்ணே” என்று சொல்லிவிட்டேன்.

சாக்கெட், அதாவது ப்ராசஸர் உட்காரும் குழி, எல்ஜிஏ 775 வகை. கோர் 2 டுவோ இ7400 ப்ராசஸருக்கும் அதே 775. போர்டு 1066 பஸ் (ப்ராசஸரோடு தகவல் போய்வரும் வேகம்) வரை தாங்கும், ப்ராசஸரும் 1066 தான். கணக்கு சரியாக வந்ததால் வேறெதையும் பார்க்கவில்லை. செகண்ட்ஸில் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். குழியில் அழகாக உட்கார்ந்தது. பேஸ்ட் தடவி, ஃபேனை மாட்டி, பவர் கொடுத்தேன். ஃபேன் சுற்றியது, டிஸ்பிளே வரவில்லை. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். பேட்டரியை எடுத்து, மிஷினை எழுப்பிவிடும் போர்டு மென்பொருளான பயாஸை ரீசெட் செய்தேன். இரண்டு மணி நேரம் போனது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி சாப்பிட்டு வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: “போர்டோட சப்போர்ட் லிஸ்ட்ட பாத்தியாடா?”

பார்க்கவில்லை. எந்தெந்த ப்ராசஸர் அந்தப் போர்டில் ஓடும் என்று அதைத் தயாரித்த கம்பெனி தரும் பட்டியல் அது. பார்த்தபோது, இ6300 வகையறாவோடு முடிந்திருந்தது. அவை 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்த சில்லுகள். இ7400 அதைவிட நுண்ணிய 45 நானோமீட்டர். அதற்கு வேண்டிய குறைந்த வோல்டேஜை அந்தக் காலத்து 945 போர்டுகள் பலவற்றால் ஒழுங்காகத் தர முடியாது. அந்தச் சில்லை அடையாளம் காணும் விவரமும் பயாஸில் இருக்காது. இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. ஒரே மாடல் போர்டிலேயே ரிவிஷன், அதாவது தயாரிப்புப் பதிப்பு, மாறினால் லிஸ்டும் மாறலாம். போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் அந்த எண்ணை அதற்கு முன் நான் படித்ததே இல்லை.

விற்ற கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். இ7400க்கு அண்ணன் கொடுத்த காசை இரண்டு மாதச் சம்பளத்தில் நான் அடைத்தேன். ஒரு இ6300 தேடிப் போட்டதும் மிஷின் ஓடியது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அவர் கடை பூட்டிக் கிடந்தது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் எச்61 போர்டுகள் நிறைய வந்தன. அவை பழைய ஐ3 2100ஓடு வரும். அடுத்த தலைமுறை ஐ5 3470 போட முடியுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் முடியும், ஆனால் பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றிவிட்டால், புதியதைப் போட்டதும் போர்டு எழும்பாது. அப்டேட் முடியும்வரை கரண்ட் போகக் கூடாதே என்று யுபிஎஸ்ஸை மாட்டிவிட்டு அந்தச் சில நிமிஷம் நகராமல் நிற்பேன்.

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதிலிருந்து வருகிறவர்கள் கேட்பது வேறு. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். கையில் எச்110 போர்டும் ஆறாம் தலைமுறை ஐ3 6100ம் இருக்கும். சாக்கெட் 1151. எட்டாம் தலைமுறை ஐ5 8400க்கும் 1151 என்றுதான் போட்டிருக்கும். உட்காரவும் உட்காரும். ஆனால் எந்தப் பின் எதற்கு என்ற ஒதுக்கீடு வேறு. அதற்கு 300 வரிசை சிப்செட் போர்டு வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். கடையில் வாங்குகிறவர் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் அப்பாவோடு வந்தான். ஐ5 8400ஐ ஆன்லைனில் பார்த்து வைத்திருந்தான், இன்னும் காசு கட்டவில்லை. போர்டின் ரிவிஷனைப் படித்து, அவன் போனிலேயே லிஸ்டைத் திறந்து காட்டினேன். ஏழாம் தலைமுறையோடு நின்றிருந்தது. “அப்ப எல்லாத்தையும் மாத்தணுமா சார்?” என்றார் அப்பா. சிபியுவைத் திறந்து பார்த்தேன். ரேம் டிடிஆர்4. அதையும் எஸ்எஸ்டியையும் கேபினட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ப்ராசஸரோடு போர்டு மட்டும் வாங்குங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.