தனியாக ஓடிய இமேஜ், மல்டிபூட் கார்டில் படுத்துவிட்டால்

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், ஒரு லினக்ஸ் இமேஜை (இயங்குதளம், அதாவது ஓஎஸ், முழுதும் அடங்கிய கோப்பு) நேராக எஸ்டி கார்டில் எழுதினால் கச்சிதமாக ஓடும். அதையே பிரித்து, ஒரே கார்டில் பல ஓஎஸ் வைக்கும் மல்டிபூட் இன்ஸ்டாலருக்கு ஏற்றபடி கட்டிக் கொடுத்தால் வானவில் திரையோடு நிற்கும், இல்லையென்றால் கர்னல் பேனிக், அதாவது ஓஎஸ்ஸின் மையக்கரு மேலே போக முடியாமல் நின்றுவிடும். உடனே இமேஜ் கெட்டுவிட்டது என்று மறுபடி டவுன்லோடு செய்ய உட்கார்ந்துவிடுகிறோம். பெரும்பாலும் இமேஜில் ஒரு குறையும் இருக்காது. கார்டு முழுக்கத் தனக்கே சொந்தம் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நம்பிக்கை எந்தெந்தக் கோப்பில் எழுதிக் கிடக்கிறது என்று தெரிந்தால், கார்டை மடிக்கணினியில் செருகி அங்கேயே திருத்திவிடலாம்.

நான் பேசுவது 2013-இல் வந்த நூப்ஸ் என்ற மல்டிபூட் இன்ஸ்டாலர், அதிலிருந்து கிளைத்த பிஐஎன்என் ஆகிய இரண்டையும் பற்றி. 2020-இல் கார்டில் இமேஜ் எழுதும் ராஸ்பெர்ரி பை இமேஜர் வந்த பிறகு நூப்ஸின் தேவை குறைந்தது. ஆனால் பள்ளிக் கணினி மன்றத்துக்கோ கோயில் மண்டபத்து அறிவிப்புத் திரைக்கோ ஒரே கார்டில் இரண்டு ஓஎஸ் வேண்டும் என்றால் இன்றைக்கும் பிஐஎன்என்தான் வசதி. பெர்ரிபூட் என்ற இன்னொரு மல்டிபூட் கருவி ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய இமேஜ் வைத்து வேறு வழியில் ஓடுகிறது, கீழே உள்ளது அதற்குப் பொருந்தாது. கட்டளைப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், டெர்மினலில் வழக்கம்போலத் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கார்டின் வரைபடம். கார்டு பார்ட்டிஷன் என்ற எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கும். சாதாரண இமேஜில் 1 பூட் (தொடக்கக் கோப்புகள்), 2 ரூட் (ஓஎஸ்ஸின் மற்ற கோப்புகள்). இன்ஸ்டாலர் போட்ட கார்டில் 1 என்பது ரெக்கவரி. 2 என்பது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன், வெறும் பெட்டி. 5 செட்டிங்ஸ். முதல் ஓஎஸ்ஸின் பூட் 6, ரூட் 7. அடுத்த ஓஎஸ் 8, 9 என்று போகும். பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: 2-க்கு நேராக அளவு 1கே என்று காட்டும். ரூட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிலோபைட் பெட்டி. பாதிக் கோளாறுக்கு விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

பூட் ஆகும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ரெக்கவரி முதலில் எழும்பி, நீங்கள் தேர்ந்தெடுத்த ஓஎஸ்ஸின் பூட் பார்ட்டிஷன் எண்ணைக் குறித்து வைத்துவிட்டு ரீபூட் செய்கிறது. அடுத்த முறை போர்டின் ஃபர்ம்வேர் அந்தப் பார்ட்டிஷனில் உள்ள கான்ஃபிக் (போர்டின் அமைப்புகள்), சிஎம்டிலைன் (ரூட் எங்கே என்பது போலக் கர்னலுக்குச் சொல்லும் குறிப்புகள்) கோப்புகளையே படிக்கும். விண்டோஸில் கார்டைச் செருகியதும் முதலில் திறப்பது ரெக்கவரி பார்ட்டிஷன். அதில் உள்ள கான்ஃபிக்கை எத்தனை முறை மாற்றினாலும் ஓஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. திருத்த வேண்டியது 6-ஆம் பார்ட்டிஷனில் உள்ளது. அதனால் இந்த வேலைக்கு லினக்ஸ் மடிக்கணினியோ லைவ் யூஎஸ்பியோ கட்டாயம்.

திரையில் ஒன்றுமே வராவிட்டால் பச்சை விளக்கை எண்ணுங்கள். 4 முறை சிமிட்டினால் ஃபர்ம்வேரின் ஸ்டார்ட் எல்ஃப் கோப்பு கிடைக்கவில்லை. பை 3 காலத்தில் கட்டிய இமேஜை பை 4-இல் போட்டால் இப்படித்தான், பை 4-க்கு ஸ்டார்ட்4, ஃபிக்ஸ்அப்4 கோப்புகள் தனியாக வேண்டும். 7 முறை என்றால் கர்னல் கோப்பு இல்லை. மின்சாரத்தையும் பார்த்துவிடுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 3-க்கு 2.5 ஆம்பியர். பழைய போன் சார்ஜரும் மெலிந்த கேபிளும் இருந்தால் கார்டில் எழுதும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து கோப்புகள் பாழாகும். கார்டு கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கியதோ ஆன்லைனில் வாங்கியதோ, இன்ஸ்டால் செய்வதற்கு முன் எஃப்3 கருவியால் முழுதாக எழுதிப் படித்துச் சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சடித்த 8 ஜிபி கார்டில் முதல் ஓஎஸ் நன்றாகவே ஓடும், இரண்டாவது மட்டும் காரணமே தெரியாமல் சாகும்.

இனி கர்னல் பேனிக். சிஎம்டிலைனில் உள்ள 'கொயட்' என்ற சொல்லை எடுத்துவிட்டால்தான் செய்தி முழுதாகத் தெரியும். ரூட் எஃப்எஸ்ஸை (ஃபைல்சிஸ்டத்தை) மவுன்ட் செய்ய, அதாவது இணைத்துத் திறக்க, முடியவில்லை என்ற வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும். 179 என்பது எஸ்டி கார்டின் எண், அடுத்தது பார்ட்டிஷன். 179,2 என்று வந்தால் இமேஜ் இன்னும் பழைய 2-ஆம் பார்ட்டிஷனையே தேடிப் போய் அந்த ஒரு கிலோபைட் பெட்டியை மவுன்ட் செய்யப் பார்க்கிறது. 179,7 என்று வந்தால் இடம் சரி, உள்ளே இருக்கும் ஃபைல்சிஸ்டத்தில்தான் கோளாறு. 0,0 என்றால் நீங்கள் சொன்ன பெயரில் கார்டில் எதுவும் இல்லை. சிஎம்டிலைனில் 'ரூட்வெயிட்' இருந்தால் பேனிக்கே வராது, ரூட் டிவைசுக்காகக் காத்திருக்கிறேன் என்று விடியவிடிய நிற்கும். இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டுக்கு முன் ரேமில் ஏறும் தற்காலிக அமைப்பு) உள்ள இமேஜ் என்றால் 'அலர்ட்' என்று ஒரு வரி போட்டுவிட்டு உங்களை ஒரு ஷெல்லில், அதாவது கட்டளை தட்டும் இடத்தில், தள்ளிவிடும். அங்கே பிஎல்கேஐடி கொடுத்து உண்மையான அடையாளத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடையாளம் என்று வரும்போது, பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யூயூஐடி பலரைக் கவிழ்க்கிறது. எம்பிஆர் என்ற பட்டியல் முறையில் பிரித்த கார்டில் அது டிஸ்கின் எட்டு ஹெக்ஸ் (16 அடிமான) எழுத்து, ஒரு கோடு, பிறகு பார்ட்டிஷன் எண். சாதாரண இமேஜில் -02 என்று முடியும், 7-ஆம் பார்ட்டிஷனில் -07 என்று இருக்க வேண்டும். அந்தக் கடைசி எண்ணும் ஹெக்ஸ்தான். 10-ஆம் பார்ட்டிஷனுக்கு -10 என்று எழுதினால் கர்னல் 16-ஆவதைத் தேடும், எழுத வேண்டியது -0ஏ. மூன்றாவது ஓஎஸ் போடும்போதுதான் இது தலைகாட்டும், அதற்குள் முதல் இரண்டும் ஓடிவிட்டதால் யாரும் இதைச் சந்தேகப்பட மாட்டார்கள். சிஎம்டிலைன் முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உபுண்டுவில் கதை வேறு, ரூட்டை 'ரைட்டபிள்' என்ற லேபிளால் தேடும். இன்ஸ்டாலர் வேறு லேபிள் வைத்திருந்தால் கிடைக்காது. அதன் பூட் லேபிள் 'சிஸ்டம்-பூட்' ஆங்கிலத்தில் சரியாக 11 எழுத்து, பூட் பார்ட்டிஷனின் ஃபேட் ஃபைல்சிஸ்டம் தாங்கும் உச்சவரம்பே அதுதான், பின்னால் ஓர் எண்ணைக்கூட ஒட்ட முடியாது. ஒரே கார்டில் இரண்டு உபுண்டு வைக்க நினைப்பவர்கள் லேபிளை விட்டுவிட்டுப் பார்ட்யூயூஐடிக்கு மாறிவிடுங்கள்.

இந்த மாற்றங்களை எல்லாம் இன்ஸ்டால் முடியும் தறுவாயில் ஓடும் பார்ட்டிஷன்_செட்டப் ஸ்கிரிப்ட்தான் செய்ய வேண்டும். இன்ஸ்டாலர் அதற்குப் பார்ட்1, பார்ட்2 என்ற மாறிகளில் புதிய இடங்களைக் கொடுக்கிறது. பிஐஎன்என்-இல் ஐடி1, ஐடி2 என்பவையும் வரும். யூஎஸ்பி டிரைவில் போடப் போகிறீர்கள் என்றால் ஐடியைப் பயன்படுத்துங்கள், டிவைஸ் பெயர் அடுத்த பூட்டில் மாறிப்போகலாம். ஸ்கிரிப்ட் இரண்டையும் மவுன்ட் செய்து, சிஎம்டிலைனிலும் எஃப்எஸ்டேப்பிலும் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்), சொல்லைத் தேடி மாற்றும் எஸ்இடி கட்டளையால் பழைய பெயரை மாற்றும்.

மோசமான கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எஸ்இடி தேடிய சொல் கோப்பில் இல்லாவிட்டாலும் வெற்றி என்றே திரும்பும். இன்ஸ்டாலரும் 'முடிந்தது' என்று சொல்லிவிடும். பழைய ஸ்கிரிப்ட்கள் எஃப்எஸ்டேப்பில் /பூட் என்று தேடும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் புக்வார்மில் அது /பூட்/ஃபர்ம்வேர் ஆகிவிட்டது. சொல் பொருந்தாது, பழைய பார்ட்யூயூஐடி அப்படியே தங்கும். ரூட் சரியாக இருப்பதால் கர்னல் எழும்பிவிடும், பிறகு சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அந்த இல்லாத பூட் பார்ட்டிஷனுக்காக 90 வினாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகும். ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் அங்கே உள்ளே நுழையவும் முடியாது. கார்டைக் கழற்றி, 7-ஆம் பார்ட்டிஷனில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து, பூட் வரியை 6-க்குத் திருப்பினால் போதும். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு எஸ்இடிக்கும் பிறகு ஒரு கிரெப் (சொல் தேடும் கட்டளை) வைத்து, புதிய பெயர் கோப்பில் இல்லையென்றால் பிழையோடு வெளியேறச் சொல்லுங்கள். இன்ஸ்டால் அங்கேயே நின்றுவிடுவது எமர்ஜென்சி மோடில் சிக்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஸ்கிரிப்ட் சரியாக இருந்தும் ஓடவில்லையா? விண்டோஸ் நோட்பேடில் சேமித்திருந்தால் வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சிஆர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், டாஸ்2யூனிக்ஸ் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த ஆபத்து, முதல் பூட்டில் தானாக ஓடும் ரீசைஸ். கார்டு முழுக்க ரூட்டை விரிப்பது தனி இமேஜுக்கு நல்ல காரியம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் பழைய ரீசைஸ் ஸ்கிரிப்ட், பூட் பார்ட்டிஷன் எண் 1 இல்லையென்றால் நூப்ஸ் என்று கண்டுகொள்ளும். மற்ற டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) பலவற்றில் 2 என்ற எண் நேராக எழுதப்பட்டிருக்கும். எஃப்டிஸ்கில் 2-ஐ அழித்துவிட்டுப் பெரிதாக மறுபடி உருவாக்கும் ஸ்கிரிப்ட் என்றால், அழிவது எக்ஸ்டெண்டட் பெட்டி. அதனுள்ளே இருந்த 5, 6, 7 எல்லாம் பட்டியலில் இருந்து கூண்டோடு போகும். தரவு அழியாது, டெஸ்ட்டிஸ்க் கருவியால் மீட்கலாம், ஆனால் அந்தப் பாடு எதற்கு? கட்டும்போதே சிஎம்டிலைனில் உள்ள 'இனிட்=' பகுதியை எடுத்துவிடுங்கள், பார்ட்டிஷனை விரிக்கும் குரோபார்ட் சர்வீஸ் இருந்தால் நிறுத்திவிடுங்கள். விரிக்கும் வேலையை இன்ஸ்டாலரே செய்யும்: இன்ஸ்டாலர் படிக்கும் பார்ட்டிஷன்ஸ்.ஜேசன் கோப்பில் வான்ட்_மேக்ஸிமைஸ்டு 'ட்ரூ' என்று இருந்தால் மிச்ச இடத்தை ஓஎஸ்களுக்குள் பங்கிட்டுக் கொடுத்துவிடும். 'இனிட்=' எடுத்ததால் தொலைவிலிருந்து உள்நுழையத் தேவையான எஸ்எஸ்எச் சாவிகள் உருவாகாமல் போகலாம். அப்படியானால் எஸ்எஸ்எச்-கீஜென் -ஏ (பெரிய எழுத்து) ஒருமுறை ஓட்டுங்கள்.

இந்த வகை ஸ்கிரிப்ட் இன்னொன்றும் செய்யும், டிஸ்க் ஐடியையே புதிதாக மாற்றிவிடும். தன் சிஎம்டிலைனையும் எஃப்எஸ்டேப்பையும் மட்டும் திருத்திக்கொள்ளும். அதே கார்டில் பார்ட்யூயூஐடி வைத்து ஓடிக்கொண்டிருந்த மற்ற ஓஎஸ்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். 'புதிய ஓஎஸ் போட்டதும் பழையது செத்துவிட்டது' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பழைய எட்டு எழுத்து மற்ற ஓஎஸ்ஸின் சிஎம்டிலைனில் இன்னும் இருக்கும். அதை எஃப்டிஸ்க்கின் எக்ஸ்பர்ட் மெனுவில் திரும்ப வைத்துவிட்டு, புதிய ஓஎஸ்ஸின் இரண்டு கோப்புகளைத் திருத்தினால் எல்லாம் எழும்பும்.

இன்ஸ்டாலருக்கான டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) கட்டும்போது செய்யும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ்செட்டப்பில் -பி (பெரிய எழுத்து) போட்டு இமேஜைத் திறந்து, ரூட்டின் உள்ளே போய் அங்கிருந்து பிஎஸ்டிடார் ஓட்டுங்கள். வெளி ஃபோல்டரோடு கட்டினால் எல்லாம் ஒரு படி கீழே இறங்கி, 'இனிட் இல்லை' என்ற பேனிக் வரும். உரிமையாளரைப் பெயரால் அல்லாமல் எண்ணால் குறிக்கும் நியூமரிக்-ஓனர் கட்டாயம், ரெக்கவரியின் பயனர் பட்டியல் வேறு. ஒன்-ஃபைல்-சிஸ்டம் போட்டால் பூட் இரண்டு முறை உள்ளே போகாது. குனுடார் வடிவத்தில் கோப்பின் கேப்பபிலிட்டிகள் (தனி அனுமதிகள்) போகாது. அதனால் சில டிஸ்ட்ரோக்களில் சாதாரணப் பயனருக்குப் பிங் ஓடாது, செட்கேப் கொடுத்துச் சரிசெய்யலாம். பிறகு டாரைச் சுருக்க எக்ஸ்இசட் -9 போதும். அதை விரிக்கவே 65 எம்பி ரேம் வேண்டும், இதைவிடப் பெரிய டிக்ஷனரி வேண்டாம். டாரின் விரிந்த அளவை எக்ஸ்இசட் -எல் காட்டும், அதை எம்பியில் ஜேசனில் எழுதி, பார்ட்டிஷன் அளவை அதைவிடத் தாராளமாக வையுங்கள். விரித்தெடுக்கும்போது பாதியில் நின்றால் இடம் போதவில்லையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஓஎஸ் பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் ஜேசனில் ஒரு காற்புள்ளி மிச்சமிருக்கும், அல்லது சப்போர்ட்டட்_மாடல்ஸில் உங்கள் போர்டு இல்லை.

இன்ஸ்டாலர் திரையில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தினால் ஷெல் வரும். பயனர் ரூட், கடவுச்சொல் ராஸ்பெர்ரி. /டிஎம்பி/டீபக் கோப்பில் இன்ஸ்டாலரின் பதிவு முழுதும் இருக்கும். திரை இல்லாத போர்டுக்கு சீரியல் கேபிள்தான் கதி. கோலாலம்பூரின் புடு ஜாலான் பாசார் கடைகளில் யூஎஸ்பி-டிடிஎல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 3.3 வோல்ட் சிக்னல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், 5 வோல்ட் ஏறினால் போர்டு போய்விடும். 6-ஆம் பின் கிரவுண்ட், 8 அனுப்புவது, 10 வாங்குவது. வேகம் 115200. கான்ஃபிக்கில் எனேபிள்_யூஆர்ட்=1.

எல்லாம் எழும்பிய பிறகும் அப்டேட் செய்ததும் வைஃபை காணாமல் போனால், யூநேம் -ஆர் காட்டும் கர்னல் பதிப்பு மாட்யூல்ஸ் ஃபோல்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்டேட் நடந்தபோது பூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகியிருக்கவில்லை. புதிய கர்னல் ரூட்டின் வெற்று ஃபோல்டரில் விழுந்திருக்கிறது, ஃபர்ம்வேர் பழையதையே ஏற்றுகிறது. எஃப்எஸ்டேப்பைத் திருத்தி மவுன்ட் செய்து, கர்னல் பேக்கேஜை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பதிப்பு பொருந்தியும் வைஃபை வராவிட்டால் நாட்டுக் குறியீடு வைக்கப்படவில்லை, ராஸ்பி-கான்ஃபிக்கில் மலேசியாவுக்கான எம்ஒய் கொடுத்தால், வைஃபையைத் தடுத்துவைக்கும் ஆர்எஃப்கில் பூட்டு விலகும்.

கார்டில் கையால் திருத்தியதை ஸ்கிரிப்டிலும் உடனே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீஇன்ஸ்டாலில் அதே கோளாறு திரும்பிவரும். டாரை மறுபடி கட்டியிருந்தால் ஜேசனில் உள்ள செக்சம்மையும் அளவையும் மாற்றுங்கள். கட்டிய ஓஎஸ்ஸை இரண்டாவது இடத்தில், அதாவது 8, 9-இல் போட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 6, 7 என்று எங்காவது கையால் எழுதியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்.