வாஷிங்டன் கட்டிய பதினாறு பக்கக் களம்

ஜார்ஜ் வாஷிங்டன் என்றதும் நமக்குப் படைத்தளபதியும் முதல் ஜனாதிபதியும்தான் நினைவுக்கு வருவார்கள். உள்ளூரில் அவர் அதற்கு முன்பே பெரிய மனிதர். தேவாலய நிர்வாகக் குழுவில் இருந்தார், கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) நீதிபதியாக இருந்தார், வர்ஜீனியா சட்டசபையிலும் உட்கார்ந்தார். ஆனால் பண்ணைக் கணக்கைப் படித்தால்தான் ஆள் பிடிபடுவார்.

1760 ஏப்ரலில் ஒரு பெட்டியைப் பத்து அறைகளாகத் தடுத்தார். குதிரைச் சாணம், மாட்டுச் சாணம், ஆட்டெரு, ஆற்று வண்டல் என்று அறைக்கு ஒரு கலவை. ஒவ்வொன்றிலும் கோதுமை மூன்று மணி, ஓட்ஸ் மூன்று, பார்லி மூன்று. எல்லாம் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. அந்த ஆழம் மாறாமல் இருக்கவே தனியாக ஒரு கருவி செய்து வைத்திருந்தார். உரத்தைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புகையிலை மண்ணை உறிஞ்சியது. லண்டன் வியாபாரியிடம் கடனும் ஏறியது. 1760-களின் நடுவில் புகையிலையை விட்டுவிட்டு, வர்ஜீனியாவில் இருந்த தன் மவுண்ட் வெர்னான் பண்ணைகளில் கோதுமைக்கு மாறினார். போரெல்லாம் முடிந்து, 1783 டிசம்பரில் தளபதிப் பதவியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியவர், 1787-இல் எருவுக்கென்றே 31 அடிக்கு 12 அடியில் கூழாங்கல் பதித்த தரையோடு ஒரு கொட்டகை போட்டார். சுவர் கிடையாது, கூரை உண்டு. மழை அடித்தால் எருவின் சத்து கரைந்து ஓடிவிடும். மண்தரை என்றால் சாறு கீழே இறங்கிவிடும். நம்மூர்க் குப்பைக்குழிகள் பலவும் இந்த இரண்டிலும்தான் கோட்டை விடுகின்றன.

அடுத்த தலைவலி போரடிப்பு. திறந்த களத்தில் குதிரையை விட்டு மிதித்தால் மணியோடு மண் சேரும், சாணி சேரும், மழை வந்தால் முளைத்துவிடும். களவு வேறு. அவருடைய பண்ணைகளில் ஒன்றான யூனியன் பண்ணையில் 30 பேர் வசதியாக நின்று கதிரடிக்கும்படி பெரிய களஞ்சியம் கட்டினார். வெளியூர் போய்த் திரும்பி வந்து பார்த்தால், அதன் வாசலிலிருந்து முப்பது அடிகூட இல்லாத தூரத்தில் திறந்த களம் போட்டு, உள்ளே இருந்த கோதுமையை வெளியே இழுத்து வந்து குதிரையை விட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்! 1793-இல் இதைக் கடிதத்தில் எழுதிப் புலம்பியிருக்கிறார்.

இதே தலைவலிக்குக் கட்டடத்தாலேயே தீர்வு தேடியதுதான், அவருடைய இன்னொரு பண்ணையான டோக் ரன்னில் எழுந்த பதினாறு பக்கக் களம்: பதினாறு பக்கச் சுவரும் இரண்டு தளமும் கொண்ட கதிரடிக்கும் கட்டடம். ஜனாதிபதியாக இருந்தபடியே வரைபடம் போட்டார். கீழ்த்தளத்துக்கு 30,820 செங்கல் என்று கணக்கும் அவரே போட்டார். குதிரை சாய்வுப் பாதையில் மேல்தளத்துக்கு ஏறும். அங்கே பரப்பிய கதிர்மேல் வட்டமாக ஓடும். தரைப்பலகைகளுக்கு நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி. இந்த அளவில்தான் சூட்சுமம்: நெருக்கமாக இருந்தால் மணி வைக்கோலோடு மேலேயே சிக்கும், அகலமாக இருந்தால் வைக்கோலும் கீழே கொட்டும், குதிரைக் காலுக்கும் ஆபத்து. மணியும் பதரும் கீழ்த்தளத்தில் விழும், தூற்றிப் பூட்டி வைக்கலாம். பதினாறு பக்கம் எதற்கு? குதிரை எந்த மூலையிலும் மடங்கித் திரும்ப வேண்டியதில்லை. வட்டச் சுவரை மரத்தில் வளைப்பதைவிட நேர்ப்பலகையை நறுக்கிச் சேர்ப்பது எளிது.

இந்தக் களத்தைக் கட்டியதும் அதில் குதிரை ஓட்டியதும் அடிமைகள். அவர் இறந்த 1799-இல் அந்தப் பண்ணைகளில் 317 பேர் இருந்தார்கள். அவர்களில் அவருக்கே உரிமையான 123 பேரை விடுவிக்கும்படி உயில் எழுதினார். மனைவி மார்த்தா 1801 ஜனவரி 1-இல் விடுவித்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்துக் கணக்கில் இருந்தவர்கள், அவர்களுக்கு விடுதலை இல்லை. திறமையான விவசாயி என்று அவரைப் பாராட்டும் கட்டுரைகள் பலவும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பழைய களம் இப்போது இல்லை. அவருடைய வரைபடத்தையும் ஒரு பழைய புகைப்படத்தையும் வைத்து 1996-இல் அதே அளவில் மவுண்ட் வெர்னானில் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.