மூடி திறந்த ஓடையின் கரையில்

சியோல் நகரின் நடுவே ஓடும் சொங்கேச்சொன் ஓடைக்கென்றே ஒரு பகலை ஒதுக்கியிருந்தேன். சாலையிலிருந்து படி இறங்கியதும் வாகன இரைச்சல் அடங்கி, சலசலப்பு மட்டும் கேட்கிறது. அலுவலகத்து ஆட்கள் காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்திருந்தார்கள். 1958 முதல் கான்கிரீட் போட்டு மூடிய ஓடை இது. அதன் மேல் பிறகு ஒரு மேம்பாலமும் எழுந்தது. 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் சுமார் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்துவிட்டார்கள். தண்ணீரில் பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடுவதுதான். இருக்கட்டுமே, நாரை வந்து நிற்கிறது!

குவாங்தோங் பாலத்தடியில் வெகுநேரம் நின்றேன். 1410இல் மன்னர் தேஜோங் தம் மாற்றாந்தாயின் கல்லறைக் கற்களைப் பெயர்த்து வந்து கட்டியது. சில கற்கள் தலைகீழாகவே இருக்கின்றன. அத்தனை வன்மம்.

கிழக்கே செவூன் சாங்கா, 1960களின் இறுதியில் எழுந்த நீண்ட வணிக வளாகம். அந்த வட்டாரத்தை ஒரு சுற்று வந்தால் நீர்மூழ்கிக் கப்பலே கட்டிவிடலாம் என்பது ஊர்ப் பேச்சு. பக்கத்து உல்ஜிரோ சந்து ஒன்றில் லேத் சுழல்கிறது, சூடான இரும்பு மணக்கிறது. அடுத்த சந்து முழுக்கத் தகரத் தடுப்பு, அதற்குமேல் கிரேன். ஒருவர் கடைந்ததை அடுத்தவர் பற்றவைக்கிறார், மூன்றாமவர் முலாம் பூசுகிறார். நடுவில் ஒரு பட்டறையைப் பெயர்த்தால் மற்ற இரண்டும் தவித்துப்போகும். எத்தனை மாடி எழுப்பினாலும் அதற்கு ஈடாகாது என்றே எனக்குப் படுகிறது.

இன்னும் நடந்தால் ஒரு பாலத்தின் மீது ஜோன் தே-இல் மார்பளவுச் சிலையாக நிற்கிறார். எதிரேயிருக்கும் துணிச் சந்தையில் வேலை பார்த்த தையல் தொழிலாளி. தொழிலாளர் சட்டத்தை மதிக்கச் சொல்லி 1970 நவம்பர் 13 அன்று தீக்குளித்தார். வயது 22. அங்கிருந்து நகரக் கால் வரவில்லை.

ஓடையைத் திறந்தபோது கரையோர நடைபாதை வியாபாரிகளைத் தோங்தேமுன் விளையாட்டரங்கத்துக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அரங்கத்தையும் இடித்தார்கள். ஸாஹா ஹதீத் வடிவமைத்த வெள்ளி நிற மாளிகை 2014இல் அங்கே திறக்கப்பட்டது. அரங்கம் இடிபட்டபோதே வியாபாரிகள் மறுபடியும் மூட்டை கட்டி, சின்சோல்-தோங் பழம்பொருள் சந்தைக்குப் போனார்கள்.

மாலையில் அந்தச் சந்தைக்கே போனேன். பித்தளைப் பூட்டு ஒன்றைக் கையில் எடுத்ததும், கடைக்காரப் பெரியவர் சாவியைப் போட்டு மூன்று முறை திறந்து பூட்டிக் காட்டினார். பேரம் பேச மனம் வரவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.