யான் பிரேமனும் நம்ம மண்டபம் பக்கமும்

வேலை, இடப்பெயர்ச்சி பத்தி படிக்கணும்னு வர்ற பிள்ளைகளுக்கு நான் மொதல்ல சொல்ற பேரு யான் பிரேமன். நெதர்லாந்துக்காரர், ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டில புரொஃபசரா இருந்தவரு. 1960கள் ஆரம்பத்துல தெற்கு குஜராத்துல ரெண்டு ஊரைப் புடிச்சு ஹல்பதிங்கிற பழங்குடிக் கூலியாளுங்களுக்கும் நிலக்காரங்களுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாக்க வந்தாரு, வந்தவரு தீசிஸை முடிச்சோமா ஊருக்குப் போனோமான்னு இல்லாம அரை நூற்றாண்டு திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருந்தாரு. செங்கச்சூளை, சூரத்து பவர்லூம், கடைசில அகமதாபாத்ல மில்லு மூடி வேலை போன குடும்பங்கன்னு, கூலியாளு எங்க போனானோ அங்கல்லாம் போனாரு.

எனக்கு மனசுல ஒட்டுனது அதே தெற்கு குஜராத்துல பர்தோலி கரும்பு வெட்டு பத்தி அவரு எழுதுனது. உள்ளூர் ஹல்பதிங்க வேலையில்லாம நிக்கிறாங்க, சர்க்கரை ஆலைக்காரன் மகாராஷ்டிராவுல இருக்குற காந்தேஷ் பக்கத்துல இருந்து ஆள எறக்குறான். ஏன்னா வெளியூர்க்காரனுக்கு சாயங்காலம் போக வீடு கிடையாது, ராத்திரி கூப்பிட்டாலும் வெட்டுவான், சீசன் முடிஞ்சா கெளம்பிருவான். முகாதம், அதாவது ஆள் புடிக்கிற மேஸ்திரி, அவன் கையில முன்கூட்டியே அட்வான்ஸ் வாங்கிட்டான், பாதியில நழுவ முடியாது.

ராமநாதபுரம் கடலோரத்துல நம்ம மண்டபம் பக்கம், மீன்புடி போட்டுல வேலைக்குச் சேரக் குடுக்குற அட்வான்ஸ் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேணாம்.

கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும், மேற்குல ஜூன் 1 தொடங்கி ஜூலை 31. ஆக இங்க போட்டு கட்டுனதும் ஒன்றரை மாசம் கொச்சி, மங்களூர் பக்கம் தங்கி மீன் புடிக்கிற தொழிலுக்குப் போயிட்டு, அங்க அடைக்கிறப்ப இங்க வந்து எறங்குற ஆளுங்க எத்தனையோ பேரு. நம்ம சர்வேக்காரப் பிள்ளைங்க வர்றது மே லீவுல. ஒரு வீட்டுல கூட நின்னு பாத்தேன், "வீட்டுக்காரர் எங்கக்கா வேலை பாக்குறாரு?"ன்னு தம்பி கேக்குறான், "கொச்சியில இருக்காரு, ஆனா கார்டுல இங்கதான்பா பேரு இருக்கு, இங்கன்னே போட்டுக்க"ன்னு அந்தக்கா சொல்ல இவனும் டிக் அடிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டான். தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போற அந்தக்கா பேருக்கு நேரா ஃபார்ம்ல 'வீட்டு வேலை', அது தனிக் கூத்து!

வேலைக்குன்னு ஒரு மாசத்துக்குக் கொறையாம, ஆறு மாசத்துக்குள்ள வெளிய போயிட்டு வர்றவங்களை 2007-08 தேசிய மாதிரி சர்வேல தனியாவே கணக்கெடுத்தாங்க, அதனால கேள்வி இல்லாம இல்ல, நம்ம ஃபார்ம்லதான் அது கிடையாது. பிரேமன் மாதிரி ஒரே வீட்டுக்கு வெவ்வேற மாசத்துல போனா தானா தெரிஞ்சிரும், அதுக்கு யாரு காசு தர்றா, பேப்பர் எண்ணிக்கை பாத்து புரமோஷன் குடுக்குற காலத்துல.

இந்த வருசம் ஒரு பொண்ணு அதே தெருவுக்கு மே மாசமும் ஜூலை மாசமும் ரெண்டு தடவ போறேன்னு கேட்டுச்சு. நல்ல ஐடியா, தாராளமா போன்னுட்டேன். ஆனா அந்தப் பொண்ணுக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன் ஏப்ரல்லயே.