எடை சரி, இடுப்பளவு சரியில்லை

ஒல்லியாக இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். என் உயரம் 156 செ.மீ., எடை 55 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவு) 22.6. இந்தியர்களுக்கு 23-ஐத் தொடாதவரை சரியான எடை என்பதுதான் கணக்கு. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் சொந்தக்காரர்கள், "உனக்கென்ன டீச்சர், பாலக்காட்டுக் காத்துல பறந்துடுவே" என்பார்கள். பொள்ளாச்சியில் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை எடுத்தபோதும் எடையைக் குறித்தார்கள், இடுப்பை அளக்கவில்லை.

அளந்தவர் வீட்டுக்கு வந்த ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி (சேச்சி என்றால் அக்கா). 30 வயது தாண்டியவர்களிடம் அவர்கள் நிரப்பும் படிவத்தில் வயது, புகையிலை, மது, உடலுழைப்பு, குடும்பத்தில் பிரஷர், சுகர், இதய நோய் உண்டா என்ற கேள்விகள் இருக்கும். கூடவே இடுப்பளவு. நோய் ஆபத்துக்கு மதிப்பெண் போடும் அந்தப் பகுதியில் எடைக்கு இடமே கிடையாது! பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஒரு மதிப்பெண், 90 தாண்டினால் இரண்டு. எனக்கு 87 வந்தது. அப்பா ஐம்பதைத் தாண்டியதும் மாரடைப்பில் போனவர். அவரும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். சேச்சி அதையும் எழுதிக்கொண்டு, பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) போகச் சொன்னார்.

அளக்கும் இடம் முக்கியம். பாவாடை நாடா கட்டும் இடம் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, காலையில் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பான எச்டிஎல் 38, பிரஷர் 136/86. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "டீச்சறே, வெயிட்டு நோக்கண்டா" (வெயிட்டைப் பார்க்க வேண்டாம்) என்று ஆரம்பித்தார். இடுப்பு 80க்கு மேல் (ஆண்களுக்கு 90), சர்க்கரை 100க்கு மேல், ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், எச்டிஎல் 50க்குக் கீழ் (ஆண்களுக்கு 40), பிரஷர் 130/85க்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளுவதில் வரும் கோளாறுகளின் கூட்டு. எனக்கு ஐந்தும் இருந்தன.

குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் வினை. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன, அங்கே இன்சுலின் சொல் எடுபடாமல் போகிறது. சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் ஏறுகின்றன, எச்டிஎல் இறங்குகிறது. சுமார் 9.5 லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இந்தச் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைப்போல 2.4 மடங்கு இருந்தது. அன்று ராத்திரி அப்பா நினைப்பாகவே இருந்தது.

மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். சாப்பாட்டில்தான் பெரிய போராட்டம். "நம்ம பாலக்காட்டு மட்டை அரிசிதானே, அது நல்லதுதான்" என்றார் அத்தை. நல்லதுதான், ஆனால் மூன்று வேளையும் தட்டு நிறைய என்றால் எந்த அரிசியும் உதவாது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கொள்ளு, பாசிப்பயறு, முட்டை, முருங்கைக்கீரைப் பொரியல் வைத்தேன். பள்ளி விட்டு வந்ததும் டீயோடு நேந்திரங்காய் சிப்ஸ் கொறிப்பதை விட்டது சோற்றைக் குறைத்ததைவிடக் கஷ்டம். சாயங்காலம் வாய்க்கால் கரையில் வேக நடை, வாரத்துக்கு 150 நிமிடமாவது. அப்புறம் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி. சர்க்கரையை அதிகம் செலவழிப்பது தசைதான், அதனால் ஒல்லியானவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

மறுபரிசோதனையில் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது. இடுப்பு 82, ட்ரைகிளிசரைடு 146, சர்க்கரை 98, பிரஷர் 126/80. எச்டிஎல் மட்டும் 41லேயே நிற்கிறது. அது மெதுவாகத்தான் ஏறும் என்றார் டாக்டர், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கணும்.

பொள்ளாச்சியில் இருக்கும் தம்பிக்கு விவரம் சொன்னேன். அங்கே 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். அவனும் ஒல்லி. தையல் நாடாவை எடுத்து அளக்கச் சொன்னேன், 94 என்றான். திங்கட்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறான்.