தகாஃபுலில் மாதாமாதம் கட்டிய 200 ரிங்கிட் எங்கெங்கே போனது

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது குடும்பத் தகாஃபுலில், அதாவது ஷரீஅத் முறைப்படியான ஆயுள் காப்பீட்டில், சேர்ந்தேன். மாதம் 200 ரிங்கிட். உத்தமபாளையத்துக்கே திரும்பிவிட்டதால் போன வருடம் அதை முடித்துக்கொண்டேன். கம்பம், கூடலூர், குமுளிப் பக்கமிருந்து மலேசியா போகிற பிள்ளைகள் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

சேரும்போது ஏஜென்டாக வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் முஸ்லிம் அம்மா. "நான் கட்டுற 200 எங்கே போகுதுக்கா?" என்று கேட்டேன். கடையின் பழைய பில் ஒன்றைத் திருப்பி, அதன் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டார். "இது கம்பெனிக்குக் கூலி, இது உங்க கணக்கு, இது எல்லாருக்கும் பொது. மூணாவதுல போறது திரும்பி வராது தம்பி, அதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க" என்றார். இத்தனை வருடத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் கட்டம் வகாலா கட்டணம். நிறுவனம் நம் சார்பில் வேலை பார்க்கும் முகவர். அதற்கான கூலி இது. எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஏஜென்ட் கமிஷனும் இதிலிருந்துதான் போகிறது. ஆரம்ப வருடங்களில் இது கனமாக இருக்கும். எனக்கு 200-ல் 80 வரை போனது. அப்புறம் படிப்படியாகக் குறைந்தது. இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்பிவிடுவோம் என்று நினைப்பவர்கள் சேமிப்பை நம்பி இதில் சேர வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மிச்சம் நம் தனிக் கணக்குக்குப் போகும். அதை வட்டியில்லாத, ஷரீஅத்துக்கு உட்பட்ட வழிகளில் முதலீடு செய்வார்கள். மூன்றாவதுதான் தபர்ரு, அதாவது நன்கொடை. என் திட்டத்தில் அது மாதாமாதம் தனிக் கணக்கிலிருந்து கழிந்து, உறுப்பினர்களின் பொது நிதிக்குப் போனது. வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். எந்த வயதில் எவ்வளவு என்று ஒரு அட்டவணை உண்டு. அதைக் கேட்டு வாங்கி, ஐம்பது வயதுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டுகிற 200 மாறாமல் இருக்கும்போதே உள்ளே கழிகிற தொகை கூடிக்கொண்டு போவது அங்கேதான் தெரியும்.

ஒரு உறுப்பினர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அந்தக் குடும்பத்துக்குப் பணம் இந்தப் பொது நிதியிலிருந்துதான் போகிறது. நிதி உறுப்பினர்களுடையது; நிறுவனம் அதை நிர்வகிக்கிறது, அவ்வளவே. எங்கள் ஜமாத்தில் மையத்துச் செலவுக்கு, அதாவது இறந்தவரை அடக்கம் செய்யும் செலவுக்கு, வீட்டுக்கு வீடு வசூலிப்பார்களே, அது மாதிரிதான். என் வீட்டில் இந்த வருடம் யாரும் மவுத்தாகவில்லை, காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வருட முடிவில் பொது நிதியில் உபரி இருந்தால் ஒப்பந்தப்படி உறுப்பினர்களுக்கும் நிறுவனத்துக்கும் பிரியும். பற்றாக்குறை வந்தால் நிறுவனம் தன் கையிலிருந்து வட்டியில்லாக் கடன், கர்ள், கொடுத்து ஈடுகட்டும். பின்னால் வரும் உபரியில் அதைக் கழித்துக்கொள்ளும். உபரி நிச்சயம் வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கள் அத்தா (அப்பா) இன்சூரன்ஸ் ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுகிறவர். இது மட்டும் மார்க்கப்படி எப்படிக் கூடும் என்று போனில் கேட்டார். விலை கொடுத்து வாங்கும் வியாபாரத்தில், என்ன கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாத நிலை கூடாது. நன்கொடையில் அது பாதகமில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் கொடுப்பதாக நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்துப் போடுகிற பணம் இது என்றேன். மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1972-ல் அன்றைய ஆயுள் காப்பீட்டைக் கூடாது என்று சொன்ன பிறகுதான் மாற்று தேடி, 1984-ல் தகாஃபுலுக்கென்றே சட்டம் போட்டார்கள். இப்போது அதன் இடத்தில் 2013-ன் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் இருக்கிறது. அத்தா கேட்டுக்கொண்டார், மறுப்புச் சொல்லவில்லை.

நாமினி விஷயம் இன்னும் முக்கியம். என் மனைவியை வெறும் நாமினியாகப் போடாமல், நிபந்தனை ஹிபாவில், அதாவது நிபந்தனையோடு கொடுக்கும் அன்பளிப்பில், பெறுகிறவராக எழுதினேன். அப்படி எழுதினால், நான் இறந்தால் தொகை நேராக அவளுக்கே. எழுதாவிட்டால் நாமினி வாங்கி வாரிசுகளுக்குப் பங்கு வைக்கும் பொறுப்பாளி மட்டுமே. ஃபாரத்தில் ஒரு டிக் அடிக்கிற இடம்தான் அது. ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் நின்று படித்து அடியுங்கள்.

இனி முடித்த கதை. இந்தியாவில் தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் இல்லை, இங்கே எதற்கும் மாற்றிக்கொள்ளவும் முடியவில்லை. சரண்டர் ஃபாரம், சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், வங்கி விவரம் எல்லாம் அனுப்பினேன். பெயரில் சிக்கிக்கொண்டது. கிள்ளானில் என் பெயருக்கும் அத்தா பெயருக்கும் நடுவில் 'பின்' (இன்னாரின் மகன் என்று பொருள்) சேர்த்து எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் அத்தா பெயர் தனியாகக் கீழே இருக்கிறது. இங்கே வங்கிப் புத்தகத்தில் வெறும் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள் என்று அவர்கள் எப்படி நம்புவார்கள்? உத்தமபாளையம் கோர்ட்டுப் பக்கம் ஒரு நோட்டரி வக்கீலிடம் போய், மூன்று பெயரையும் அந்தந்த ஆவணத்தில் உள்ள எழுத்து மாறாமல் போட்டு, மூன்றும் நானே என்று ஆங்கிலத்தில் அஃபிடவிட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வாங்கி அனுப்பினேன். அப்புறம் வேறு எதுவும் கேட்கவில்லை.

வந்தது தனிக் கணக்கின் மீதி. கட்டியதைவிடக் குறைவுதான். தபர்ருவாகப் போனது எவ்வளவு என்று கணக்குத் தாளில் தனி வரியாகப் போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பார்த்து எனக்குத் துளியும் வருத்தமில்லை. யாரோ ஒரு குடும்பத்துக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் மற்றவர்கள் போட்டது என் பிள்ளைகளுக்கு வந்திருக்கும்.

புதிதாகச் சேர்கிறவர்கள் ஃபாரத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஊருக்கு வந்துவிட்டு முடிக்கப் பார்ப்பவர்களுக்கு அந்த அஃபிடவிட்டின் நகல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.