ஹோம் ரிசார்ட்: ஊட்டி கேட்டோம், கோவா அச்சாகி வந்தது

பணம் கட்டி உறுப்பினரானால் ஒரு நிறுவனத்தின் விடுதிகளில் ஆண்டுக்குச் சில நாட்கள் தங்கலாம் என்பதுதான் விடுமுறை டைம்ஷேர் திட்டம். அதில் சேர்ந்தவர்கள், ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஹோம் ரிசார்ட், அதாவது முன்பதிவில் நமக்கு முன்னுரிமை தரும் விடுதி எது என்ற கட்டத்தைத்தான். விண்ணப்பப் படிவத்தில் என் கையெழுத்தில் தெளிவாக ஊட்டி என்று எழுதிக் கொடுத்திருந்தும், கூரியரில் வந்த ஒப்பந்தத்தில் கோவா என்று அச்சாகியிருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் பட்ட அலைச்சலின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஊட்டியை நாங்கள் தேர்ந்தெடுத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திருவொற்றியூரில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் ஷிஃப்ட் வேலை. நாங்கள் சேர்ந்து வெளியூர் போக முடிவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். விற்பனைக் கூட்டத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்த இளைஞரோ, “ஹோம் ரிசார்ட் எதுவா இருந்தா என்ன மேடம், எல்லா ஊர்லயும் தங்கலாமே” என்று திரும்பத் திரும்பச் சொல்லி, கோவாவிலேயே பேச்சைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் சொன்னது பாதி உண்மை. எல்லா ஊரிலும் தங்கலாம். ஆனால் ஒரு விடுதியை ஹோம் ரிசார்ட்டாக வைத்திருப்பவர்களுக்கு அங்கே முன்பதிவு சில மாதங்கள் முன்னதாகவே திறந்துவிடுகிறது, மற்ற உறுப்பினர்கள் மிச்சமிருக்கும் அறைகளைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்குள் பணம் கட்டினால்தான் தள்ளுபடி என்று வழக்கம்போல நெருக்கினார்கள். முன்பதிவு விதிகளை அச்சில் கொடுங்கள், வீட்டில் படித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். அடுத்த வாரம் அதே தள்ளுபடியுடன் அவர்களே அழைத்தார்கள்.

அந்த இடைவெளியில் செய்த ஒரு காரியம்தான் எல்லா விளம்பரப் புத்தகங்களையும்விடப் பயன்பட்டது. என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் அதே திட்டத்தில் உறுப்பினர். அவருடைய கணக்கில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து, எங்களுக்கு வேண்டிய மே வாரங்களை ஒவ்வோர் ஊராகத் தேடிப் பார்த்தோம். கோவாவில் அறைகள் தாராளமாக இருந்தன. மே வெயிலில் கோவாவுக்குப் போகிறவர்கள் குறைவு. ஏற்காட்டில் வாரநாட்கள் கிடைத்தன. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஓர் இரவுகூட இல்லை. என் மாமியாருக்கு ஏற்காடுதான் பிடித்த ஊர் என்றாலும், கேட்டால் கிடைக்கும் ஊருக்கு முன்னுரிமையை விலை கொடுத்து வாங்குவதில் பொருளில்லை; கிடைக்காத ஊருக்குத்தான் அது வேண்டும். கோவாவை ஏன் அவ்வளவு முனைந்து விற்றார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஊட்டியா கொடைக்கானலா என்பதை மலைப்பாதையே தீர்த்துவைத்தது. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம்; அங்கிருந்து ஊட்டிக்குச் சாலைவழி சுமார் 50 கிலோமீட்டர்தான். கொடைக்கானலுக்கோ, கொடை ரோடு நிலையத்தில் இறங்கி இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டும். வளைவுகளில் மாமியாருக்கு வாந்தி வந்துவிடும். இரண்டு ஊர்களுக்கும் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போக நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ரயிலில் வந்து அரசுப் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விற்பனையாளர் எவரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அறையையோ பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும்; டிக்கெட் கிடைக்குமா என்பது பிறகுதான் தெரியவரும். ஆகவே, பயணத்துக்கு எத்தனை நாள் முன்புவரை ரத்து செய்தால் நம் கணக்கிலுள்ள நாட்கள் பறிபோகாது என்பதைக் கேளுங்கள். அந்தக் கெடு 60 நாட்களுக்கும் மேல் என்றால், டிக்கெட் கிடைக்காத ஆண்டில் அறையும் போய் நாட்களும் போகும். எங்கள் திட்டத்தில் கெடு அதைவிடக் குறைவு என்று விதித்தாளில் பார்த்த பிறகே பணம் கட்டினோம்.

ஆவணம் கொடுக்கும் நாளில்தான் சோதனை ஆரம்பமானது. கணவரின் பான் கார்டில் அவர் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது. நுங்கம்பாக்கம் அலுவலகத்தில் இருந்த ஊழியர், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி சான்றுடன் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கணவர் ஒரு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தது வீணாயிற்று. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பத்திரம் தயார் செய்து மறுபடி போனபோது வேறோர் ஊழியர் இருந்தார். பாஸ்போர்ட் நகலே போதும் என்று சொல்லி, பத்திரத்தைத் தொடக்கூட இல்லை. பெயர் வேறுபாடு உள்ளவர்கள், எந்த ஆவணம் ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கொண்டுபோவது நல்லது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கோவா ஒப்பந்தம். தொலைபேசியில் கேட்டால், கணினியில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்றார்கள்; நேரில் போனால், ஊட்டியில் ஒதுக்கீடு முடிந்துவிட்டது, கட்டணம் சேர்த்துக் கட்டினால் மாற்றலாம் என்றார்கள். நல்லவேளையாக விண்ணப்பப் படிவத்தைக் கொடுக்கும் முன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை இணைத்து, திருத்திய ஒப்பந்தம் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வோம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். வழக்கு என்றால் மும்பையில்தான் நடத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை ஊழியர் பெருமையாகச் சுட்டிக்காட்டினார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அதை மாவட்ட ஆணையமே விசாரிக்கும் என்று நான் எழுதிய பிறகு, முடிந்துபோனதாகச் சொன்ன ஊட்டி ஒதுக்கீடு எங்கிருந்தோ முளைத்துவிட்டது. கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கும் தேவை எங்களுக்கு வரவில்லை.

ஹோம் ரிசார்ட் என்றதும் அந்த ஊரில் ஏதோ சொத்து வாங்கிவிட்டதாக உறவினர்கள் சிலர் நினைக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் எதுவும் பதிவாவதில்லை; ஒப்பந்தக் காலம் வரை ஆண்டுக்குச் சில நாட்கள் தங்கும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு, அதற்கு ஜிஎஸ்டி தனி, அது உயர்ந்துகொண்டும் போகும். இதைவிட முக்கியமானது, அந்த விடுதிக் கட்டடம் நிறுவனத்தின் சொந்தமா குத்தகையா என்பது. குத்தகை முடிந்தால் அதற்கு ஈடான வேறொரு விடுதியை ஹோம் ரிசார்ட்டாக ஒதுக்கலாம் என்று ஒரு விதி பொடி எழுத்தில் இருக்கிறது. ஈடானது எது என்பதை அவர்களே தீர்மானிப்பார்களாம். ஊட்டிக் கட்டடம் சொந்தமானதுதான் என்று வாயால் சொல்லிவிட்டார்கள், எழுத்தில் மட்டும் இன்னும் தரவில்லை. அடுத்த தவணைக்கு முன் அதைக் கேட்டு இரண்டாவது மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறேன்.